டிபெட்1 கொடுத்தும் பிஆர்டி4 சிதையவில்லை: பழுது எங்கே?

மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். டிபெட்1 என்பது பிஆர்டி4 புரதத்தை செரெப்ளான் என்ற லிகேஸுடன் (சிதைக்க வேண்டிய புரதத்துக்குக் குறி இடும் நொதி) சேர்த்துவைத்துச் சிதைக்கும் மருந்து. எம்வி4-11 ரத்தப்புற்றுச் செல்களுக்கு அதைக் கொடுத்தும், புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பிஆர்டி4 பட்டை அசையவே இல்லை. ஆனால் பிஆர்டி4 தூண்டிவிடும் மிக் (MYC) புரதம் குறைகிறது. மருந்து உள்ளே போய் பிஆர்டி4-ஐப் பிடிக்கிறது, சிதைக்கத்தான் மறுக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அளவு 10 நானோமோலார் முதல் 10 மைக்ரோமோலார் வரை, நேரம் 2, 4, 8, 24 மணி. முதலில் கொக்கி விளைவையே சந்தேகித்தேன்: மருந்து மிகுந்தால் இலக்குப் புரதமும் லிகேஸும் தனித்தனியே நிரம்பி, மூன்றும் ஒன்றுசேராமல் போய்விடும். குறைந்த அளவிலும் அதே கதைதான். ஆன்டிபாடியையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

விஎச்எல் என்ற வேறொரு லிகேஸை அழைக்கும் எம்இசட்1 மருந்து மட்டும் அதே செல்களில் 4 மணி நேரத்தில் பிஆர்டி4-ஐத் துடைத்துவிடுகிறது! எனவே குறியிட்ட புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் நலம். பழுது செரெப்ளான் பக்கம். செரெப்ளான் பட்டை மங்கலாகத் தெரிகிறது (அந்த ஆன்டிபாடியை நான் அவ்வளவாக நம்புவதில்லை). டிஎம்எஸ்ஓ கரைப்பானில் வைத்திருக்கும் டிபெட்1 கரைசலோ பழையது, பலமுறை உறைந்து உருகியது.

இந்தச் செல்களில் செரெப்ளான் செயலிழந்திருக்கிறதா, மருந்தில் செரெப்ளானைப் பிடிக்கும் குளூட்டாரிமைடு வளையம் நீரால் உடைந்துவிட்டதா என்று பிரித்தறிய நீங்கள் முதலில் எந்தச் சோதனையைச் செய்வீர்கள்?