மறுமொழி: தாண்டாண்டா, மிகுநாளாண்டா, நெட்டாண்டா?

குழுவினருக்கு வணக்கம். 'லீப் இயர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. சொற்பட்டியலை மூடுவதற்குள் என் கருத்தையும் வைத்துவிடுகிறேன்.

> 'லீப்' என்றால் தாண்டுதல். ஆகவே 'தாண்டாண்டு' என்பதே மூலத்துக்கு நெருக்கம்.

எது தாண்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிப்ரவரி 29 எதையும் தாண்டவில்லை. புதிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. தாண்டுவது கிழமைதான். 2023 மார்ச் 1 புதன்கிழமை. 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும் ஆகையால், மறு ஆண்டு அதே தேதி வியாழனில் வந்திருக்க வேண்டும். வந்ததோ வெள்ளியில். ஆங்கிலச் சொல் இந்த விளைவைப் பிடித்துக்கொண்டது என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்கிறார்கள். பிரெஞ்சுச் சொல் பிடித்துக்கொண்டது வேறொன்றை. மார்ச் முதல் நாளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணினால் வரும் ஆறாம் நாளை, அதாவது பிப்ரவரி 24ஐ, ரோமானியர்கள் இருமுறை எண்ணினார்கள். அந்த 'இரட்டை ஆறு' இன்றும் பிரெஞ்சில் நிற்கிறது. இரண்டு மொழிகளும் ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கும்போது, நாம் மட்டும் ஆங்கிலத்தின் நிழலில் ஏன் ஒதுங்க வேண்டும்? 'தாவலாண்டு' என்ற மாற்றும் உதவாது. உலாவியின் டேபுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

> 'மிகுநாளாண்டு' தெளிவாக இருக்கிறதே? ஒரு நாள் மிகுகிறது, அவ்வளவுதானே?

கிரிகோரியன் நாட்காட்டி ஒன்றை மட்டும் வைத்துப் பேசினால் அவ்வளவுதான். யூத நாட்காட்டியில் 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு 13 மாதங்கள். அங்கே மிகுவது நாள் அன்று, முழு மாதம். 354 நாளை ஒட்டி நிற்கும் ஆண்டு 384ஐ ஒட்டிப் போய்விடுகிறது. வானியல் கட்டுரை எழுதுபவர் அதற்கு வேறு சொல் தேடி மறுபடியும் இந்தக் குழுவுக்குத்தான் வருவார்.

ஆகவே என் வாக்கு நெட்டாண்டுக்கு. கூடுவது நாளானாலும் மாதமானாலும் ஆண்டு நீள்கிறது. சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நெடுமை முன் எழுத்து வந்து நெட்டெழுத்து ஆனது போலத்தான் இதன் புணர்ச்சியும். இலக்கணக் குறை ஏதும் இல்லை. எதிர்ச்சொல்லாகக் குறுமையைச் சேர்த்து 'குற்றாண்டு' என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம், படிப்பவர் காவல் நிலையத்தை நினைப்பார். இயல்பாண்டு போதும்.

நமது பஞ்சாங்கத்தையும் இதில் வைத்துப் பார்த்தேன். வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. கடிகாரக் கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. எனவே தமிழ் ஆண்டுக்கும் சில வேளை 366 நாள் வரும். ஆனால் அங்கே யாரும் ஒரு நாளைக் கொண்டுவந்து செருகுவதில்லை. சூரியன் ராசிக்குள் நுழையும் வேளைதான் மாதப் பிறப்பைத் தீர்மானிக்கிறது. ஆனி 32 நாள் ஓடுவதும் மார்கழி 29 நாளில் முடிவதும் அதனால்தான். அந்த ஆண்டையும் நெட்டாண்டு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதில் இதுதான் கூடுதல் நாள் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு சொல், பிப்ரவரி 29 போன்ற நாளுக்கு வேறொரு சொல் வேண்டும். பின்னதற்குச் 'செருகுநாள்' என்பதை முன்மொழிகிறேன். 'இடைச்செருகல் நாள்' என்று எழுதினால் பதிப்பாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சொற்பட்டியலில் இதன் விளக்கமாக 'நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது' என்று எழுதியிருப்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அந்த வாசகம் ஒருமுறை ரோமிலேயே காலை வாரியிருக்கிறது. ஜூலியஸ் சீசர் கொலையுண்ட பிறகு, பூசாரிகள் 'நான்காம் ஆண்டுதோறும்' என்பதை முந்தைய நெட்டாண்டையும் சேர்த்தே எண்ணினார்கள். நாமும் பதினாறாம் நாள் காரியத்தை இறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம். விளைவு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செருகுநாள் விழுந்தது. 36 ஆண்டுகளில் 9 வர வேண்டிய இடத்தில் 12 வந்துவிட்டன. அகஸ்டஸ் சில நெட்டாண்டுகளை நிறுத்திவைத்துத்தான் கணக்கை நேர் செய்தார்.

ஒழுங்காக எண்ணினாலும் நான்குக்கு ஒன்று என்பது கொஞ்சம் அதிகம். பருவங்கள் ஒரு சுற்று வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 நொடி ஆகிறது. நான்கு ஆண்டில் உபரி 23 மணி 15 நிமிடம். நாம் சேர்ப்பதோ முழு 24 மணி. ஒவ்வொரு தடவையும் 45 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறோம். 400 ஆண்டில் நூறு தடவை. 75 மணி நேரம், அதாவது 3 நாளும் 3 மணியும். அந்த 3 நாளைப் பிடித்தம் செய்யத்தான் 1700, 1800, 1900 நெட்டாண்டு ஆகவில்லை, 2000 ஆயிற்று. இந்தப் பிடித்தம் இல்லாமல் ஓடியதில் 1582க்குள் வசந்தச் சமநாள் மார்ச் 21இலிருந்து 11க்கு நகர்ந்துவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்தார்.

(எக்செலில் 1900 பிப்ரவரி 29 என்று இட்டுப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த பிழையை ஒத்துப்போவதற்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு உதவிக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்.)

ஆகவே பதிவு இப்படி இருக்கட்டும்:

நெட்டாண்டு: சூரியனுடன் நாட்காட்டி ஒத்துப்போவதற்காக, இயல்பாண்டைவிட ஒரு நாளோ ஒரு மாதமோ கூடுதலாகக் கொண்ட ஆண்டு. கிரிகோரியன் நாட்காட்டியில் 4ஆல் வகுபடும் ஆண்டு. 100ஆல் வகுபட்டால் 400ஆலும் வகுபட வேண்டும்.

> அப்படியானால் லீப் செகண்டுக்கு 'நெட்டு நொடி'யா?

வேண்டாம். நொடி நீள்வதில்லை. காரணமும் வேறு: செருகுநாள் பூமி சூரியனைச் சுற்றும் கணக்கு, இது பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் அணுக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாத கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அடைமொழி இருப்பதால் வரும் குழப்பத்தை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை. 'செருகுநொடி' முதலில் பிடித்திருந்தது. 1972 முதல் 2016 வரை உலக நேரத்தில் 27 நொடிகளைச் சேர்த்திருக்கிறார்கள், ஒன்றையும் கழித்ததில்லை. ஆனால் கழிக்க விதியில் இடமுண்டு. கழிப்பதைச் செருகல் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஈடுகட்டுவது என்பதால் 'ஈடுநொடி' சரியாக வரும். 'ஈடுசெய் நொடி' என்று நீட்டினால் அலுவலகத்தார் ஈடுசெய் விடுப்புக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

2035க்குள் இந்த ஏற்பாட்டையே கைவிடுவதென்று 2022இல் பன்னாட்டு அளவியல் மாநாடு முடிவு செய்திருக்கிறது. ஆகவே இதற்கு இன்னொரு வாரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். நெட்டாண்டு, இயல்பாண்டு, செருகுநாள் மூன்றுக்கும் மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்; இல்லையேல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.