நெட் வரும், போகும்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கேபிள் தம்பி, யாங்கோன்:
உளுந்து, துவரை ஏற்றுமதி செய்யும் அலுவலகம். "தம்பி, நெட்டு வருது, போகுது" என்று கணக்குப்பிள்ளை போன் செய்தார். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர். ஜெனரேட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு ரூட்டரை அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடியும் படுத்துவிட்டது. கேபிளை மாற்றினேன், அதுவும் வீண். மூன்று மணி நேரம் போனபிறகுதான் ஒரு கணினியில் arp -a என்று அடித்து ஏஆர்பி பட்டியலை, அதாவது எந்த ஐபி (வலையில் ஒரு கருவிக்குக் கொடுத்த முகவரி எண்) எந்தக் கருவியிடம் இருக்கிறது என்ற பட்டியலை, பார்க்கத் தோன்றியது. ரூட்டர்தான் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல்; அதன் ஐபி 192.168.1.1. அதற்கு நேரே இருந்த மேக் எண் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த எண் இல்லை. யாருடையது? முதல் நாள் இடம் மாற்றி வைத்த பிரிண்டருடையது! கடைப் பையன் கேட்வே கட்டத்தில் போடவேண்டியதை ஐபி கட்டத்தில் போட்டுவிட்டான். பிளக்கைப் பிடுங்கினேன், எல்லா மேசையிலும் நெட் வந்துவிட்டது. வாங்கி வைத்த மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) ஆறிப்போனதுதான் மிச்சம்.

பழைய மெக்கானிக், மாண்டலே:
எனக்கு மாட்டியது கேமரா டிவிஆர், அதாவது கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி. மாடியில் முதலாளி கணினியில் படம் வருகிறது, கீழே கல்லாவில் வரவில்லை. ஐபியின் கடைசி எண் முதலாளிக்கு .150, கல்லாவுக்கு .40, டிவிஆருக்கு .200. எந்த ஐபிகள் தன் ஊர், எவை வேற்றூர் என்று கருவிக்குச் சொல்வது சப்நெட் மாஸ்க். டிவிஆரில் மட்டும் அது 255.255.255.128 என்று இருந்தது. அதன் கணக்கில் 128-க்குக் கீழே இருப்பவர்கள் எல்லாம் வேற்றூர்க்காரர்கள். பதிலைக் கேட்வே வழியாக அனுப்பலாம் என்றால் கேட்வே .1, அதுவும் வேற்றூரில்! கல்லாவிலிருந்து போன கேள்விக்குப் பதில் வர வழியே இல்லை. கடைசி எண்ணை 0 ஆக்கினேன், படம் வந்தது. கல்லாக்காரர் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை.

மோல்மேன்காரன்:
எனக்கு இதற்கு நேர்மாறு. ஒரே ஒரு கணினியில் மாஸ்க் 255.255.0.0. நெட் சுகமாக ஓடுகிறது, மேல்மாடி 192.168.20 வரிசையில் உள்ள சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி, கேட்வேயிடம் போகாமல் நேராகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) 'போய்ச் சேர முடியவில்லை' என்று தன் ஐபியிலிருந்தே பதில் தருகிறது. அதைப் பார்த்ததும் மாஸ்க்கைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை.

கேபிள் தம்பி:
மெக்கானிக் அண்ணே, அந்த 128-ஐப் போட்டது யார்?

பழைய மெக்கானிக்:
நான்தான் தம்பி, போன வருஷம்.