பினாங்குலேருந்து கோத்தா பாரு வரைக்கும் சைக்கிள்: நாலு பேரும் சேர்ந்தே முடிக்கணும், ப்ளான் பாத்து சொல்லுங்க

செங்காங்_மிதி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சிங்கப்பூர்ல நாலு பேர், ஞாயித்துக்கிழமை காலையில பொங்கோல்லேருந்து கிளம்பி சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட்னு சுத்துற ஆளுங்க. நம்ம ஊர் கோஸ்ட் டு கோஸ்ட் ட்ரெயில் 36 கிலோமீட்டர், ஜூரோங் லேக் கார்டன்ஸ்லேருந்து கோனி தீவு வரைக்கும், அத முடிச்ச அன்னிக்கே காப்பிக்கடையில உக்காந்து பேசினது, அடுத்தது உண்மையிலேயே ஒரு கடல்லேருந்து இன்னொரு கடலுக்குப் போகணும்னு. மலேசியாவுல மேற்குப் பக்கம் பட்டர்வொர்த், கிழக்குப் பக்கம் கோத்தா பாரு, நடுவுல கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. இதான் ரூட்.

இப்ப இருக்குற ப்ளான்: டிசம்பர் ஸ்கூல் லீவுல மூணு நாள். முதல் நாள் பட்டர்வொர்த்–கிரிக் (130–140 வரும்னு நினைக்கிறேன்), ரெண்டாவது நாள் கிரிக்–ஜெலி 120 சொச்சம், மூணாவது நாள் ஜெலி–கோத்தா பாரு 100 கிட்ட.

பிரச்சனை என்னன்னா எங்க கூட வர்ற அக்காவுக்கு ஐம்பது தாண்டிருச்சு, சமதரையில எங்கள விட நல்லாவே ஓட்டுவாங்க, ஆனா ஃபேபர் மலை ஏறினாலே முட்டி முன்பக்கம் வலிக்குதுன்னு சொல்றாங்க. மத்த ரெண்டு பேரும் "அக்கா மலை வர்ற நாள் மட்டும் வேன்ல வரட்டும்"னு ஈஸியா சொல்லிட்டாங்க, அவங்களும் சரி சரின்னு தலையாட்டுறாங்க, ஆனா முகத்தைப் பார்த்தா எனக்கு மனசே கேக்கல, ஏன்னா இந்த ட்ரிப்ப முதல்ல பேசினதே அவங்கதான். நாலு பேரும் மிதிச்சே போய் அந்தக் கடல்ல கால நனைக்கணும், அதுக்கு என்ன மாத்தணும்னாலும் மாத்துறேன். இன்னொருத்தர் சுத்த சைவம், இன்னொருத்தர் இந்திய பாஸ்போர்ட்ல வேலை பாஸ். சைக்கிள எப்படி திருப்பிக் கொண்டு வர்றதுன்னும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_செயின்:
தம்பி, முட்டி, கியர் எல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல மாசத்த மாத்துங்க. டிசம்பர்ல கிளந்தான்னா வடகிழக்குப் பருவமழை உச்சம், நவம்பர்லேருந்தே வெள்ளம் வர ஆரம்பிச்சிரும், ரோடு மூடுவாங்க, மலைச்சரிவுல மண்ணு சரியும். நம்ம ஊர்ல டிசம்பர் மழைன்னா ஒரு மணி நேரம் புளோக் கீழ வாய்ட் டெக்குல ஒதுங்கி நின்னா போதும், அங்க அப்படி கிடையாது. ஜூன் லீவு பாருங்க. வெயில் கடுமையாதான் இருக்கும், ஆனா ரோடு இருக்கும். ரமலான் மாசத்தோட மோதாமயும் பாத்துக்குங்க, கிளந்தான்ல நோன்பு நேரத்துல பகல்ல சாப்பாட்டுக்கடை கிடைக்கிறது கஷ்டம், சைக்கிள்காரனுக்கு அது பெரிய சிக்கல்.

ரெண்டாவது, மூணு நாள் ப்ளான மொத்த தூரத்த மூணால வகுத்து போட்ட மாதிரி இருக்கு. இந்த ரூட்ல அப்படி வகுக்கக் கூடாது. கிரிக்–ஜெலி நாள எப்படி சமாளிக்கிறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு மத்த நாள அதுக்கு ரெண்டு பக்கமும் அடுக்கணும். அந்தச் சாலையோட உச்சி தித்திவாங்சா ஓய்விடம், பேராக்–கிளந்தான் எல்லை, ஆயிரம் மீட்டருக்கு மேல உயரம். நம்ம புக்கிட் தீமா 163 மீட்டர். ஃபேபர் மலைக்கே முட்டி வலிக்கிறவங்கள ஒரே நாள்ல அங்க ஏத்தி, அந்தப் பக்கம் எறக்கி, 120 கிலோமீட்டர் ஓட்ட விட்டா வேன்தான் கதி. பண்டிங்ல ஒரு ராத்திரி தங்குங்க. தெமெங்கோர் ஏரி நடுவுல இருக்குற தீவு அது, ரோடே பாலம் போட்டு அதுக்கு மேலதான் போகுது, ரோயல் பேலும் காட்டுக்கு படகு அங்கேருந்துதான். கிரிக்லேருந்து 40 கிலோமீட்டர் மாதிரி. மத்தியானத்துக்குள்ள போய் சேந்து, ஏரியப் பாத்துக்கிட்டு காலுக்கு ஓய்வு குடுங்க, மறுநாள் பொழுது விடிஞ்சதும் ஏறுங்க.

செங்காங்_மிதி:
அண்ணே ரொம்ப நன்றி. பண்டிங் விஷயம் எங்க யாருக்குமே தோணல. அப்ப நாலு நாளா அஞ்சு நாளா?

பழைய_செயின்:
அஞ்சு. பட்டர்வொர்த்–பாலிங் 80 கிட்ட, பாலிங்–கிரிக் 60 கிட்ட, கிரிக்–பண்டிங் 40, பண்டிங்–ஜெலி 80, ஜெலி–கோத்தா பாரு 100. பாலிங்ல சீக்கிரம் போய் சேந்துட்டா ஊர சுத்திப் பாருங்க, 1955 டிசம்பர்ல மலாயா முதலமைச்சர் துங்கு, நம்ம ஊர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் மூணு பேரும் உக்காந்து பேச்சுவார்த்தை நடத்தின ஊர் அது. நீங்க போகப்போற நெடுஞ்சாலையும் அந்தக் கதையோட மிச்சம்தான், கட்டும்போதே கம்யூனிஸ்ட்டுங்க தாக்கி எந்திரங்கள எரிச்சாங்க, 1982ல திறந்தப்புறமும் ராத்திரி ஊரடங்கு இருந்துச்சு. இப்ப ராத்திரி போகக் கூடாதுன்னா அதுக்குக் காரணம் யானை.

தெம்பனீஸ்_ஸ்போக்:
அக்காவோட சைக்கிள் என்ன கியர்னு சொல்லுங்களேன்? முன்னாடி எத்தன பல், பின்னாடி பெரிய பல்லு எத்தன, ஆர்டி (பின்னாடி கியர் மாத்துற பாகம்) என்ன மாடல்?

செங்காங்_மிதி:
ரோடு பைக், முன்னாடி 50/34, பின்னாடி 11–28. ஆர்டி ஷிமானோ 105, ஆர்7000னு போட்டிருக்கு. ரிம் பிரேக். டயர் 25.

தெம்பனீஸ்_ஸ்போக்:
அப்ப பாதி வலி அங்கதான் இருக்கு. 34க்கு 28னா மிதி ஒரு சுத்துக்கு சக்கரம் 1.2 சுத்து. நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிக்கணும்னா மலையில மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்துல போயே ஆகணும், அதுக்குக் கீழ எறங்கினா கால் நின்னு நின்னு அழுத்தும், அந்த அழுத்தம் மொத்தமும் முட்டிக்குதான். பின்னாடி 34 போட்டா ஒரு சுத்துக்கு ஒரு சுத்து, ஏழரை வேகத்துலயே அதே 60 மிதிக்கலாம். மலையில ஏழரை போறவங்க நாள் பூரா போவாங்க.

கேசட் (பின்னாடி பல்சக்கர செட்டு) வாங்குறதுக்கு முன்னாடி ஆர்டி பின்பக்கத்த பாருங்க, எஸ்எஸ்னு (குட்டை கேஜ்) இருந்தா 30 பல் வரைக்கும்தான் தாங்கும், ஜிஎஸ்னா (நீளமான கேஜ்) 34 போகும். எஸ்எஸ்ஸா இருந்தா ஆர்டியும் மாத்தணும். எப்படி இருந்தாலும் செயின் புதுசு, பழைய நீளம் பத்தாது, கடைக்காரர் கண்டிப்பா பாப்பார், இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிருங்க.

இன்னொண்ணு, முட்டி முன்பக்கம் வலின்னா முதல்ல சீட்டு உயரம் பாக்கணும். சுவத்துல கைய வச்சுக்கிட்டு உக்கார சொல்லுங்க, பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நீளணும். மடங்கியே இருந்தா சீட்டு தாழ்வு. மூணு நாலு மில்லிமீட்டரா ஏத்துங்க, ஒரேயடியா ஏத்தாதீங்க, ஏத்திட்டு ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்துட்டு அடுத்தது. அதுக்கப்புறமும் வலிச்சா ஃபிசியோவப் பாக்கட்டும், வலி மாத்திரை போட்டுட்டு மட்டும் மலை ஏற வேணாம்.

ரிம் பிரேக்னா ஜெலி பக்கம் எறங்கும்போது கவனம். நீளமான எறக்கம், பிரேக்க விடாம புடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கொதிக்கும். வளைவுக்கு முன்னாடி நல்லா அமுக்கி வேகத்தக் குறைச்சுட்டு விட்ரணும், புது பேட் போட்டுட்டு போங்க. ரோடு சில இடத்துல அலை அலையா இருக்கும், குழி இருக்கும், ஃப்ரேம்ல இடம் இருந்தா 28 டயர் போட்டுக்குங்க.

ஜூரோங்_காத்து:
யானை விஷயம் யாராவது விரிவா சொல்லுவாங்கன்னு பாத்தேன், நானே சொல்றேன். கிரிக்–ஜெலி ரோட்டுல யானை கடக்கும்னு மஞ்சள் பலகை வச்சிருப்பாங்க. விடியக்காலை, அந்தி, ராத்திரி இந்த மூணு நேரமும்தான் அதிகம். அதனால காலையில வெளிச்சம் நல்லா வந்தப்புறம் கிளம்புங்க, மேல பனிமூட்டமும் இருக்கும், லாரிக்காரங்களுக்கு உங்களத் தெரியணும். ரோட்டுல புதுசா ஈரமா சாணி கிடந்துச்சு, ஓரத்து மரக்கிளை ஒடிஞ்சு பச்சையா தொங்குதுன்னா பக்கத்துலதான் இருக்குன்னு அர்த்தம், நிறுத்திட்டு ஏதாவது கார், லாரி வர்ற வரைக்கும் காத்திருந்து அது பின்னாடியே போங்க. யானையே கண்ணுல பட்டுச்சுன்னா பெல் அடிக்காதீங்க, ஃப்ளாஷ் போட்டு படம் புடிக்காதீங்க, மெதுவா பின்வாங்கி தூரமா நில்லுங்க. எறக்கத்துல தனியா முன்னாடி பறந்து போறது வேணவே வேணாம்.

தண்ணி ஆளுக்கு மூணு லிட்டராவது. பண்டிங் விட்டா உச்சி ஓய்விடம் வரைக்கும் கடைய நம்பாதீங்க. வெறும் தண்ணியா குடிக்காம உப்பும் சேத்துக்குங்க. போன் சிக்னல் பல இடத்துல இருக்காது, மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சுக்குங்க, அவசர நம்பர் 999.

வேன் பத்தி ஒரு வார்த்தை. வேன வேணாம்னு ஒதுக்காதீங்க. அக்கா ஏறிக்கிறதுக்கு இல்ல, பைகளை ஏத்திக்கிறதுக்கு. பின்னாடி ஏழெட்டு கிலோ இல்லாம ஏறுறதே அவங்களுக்கு பெரிய உதவி, கிரிக்லேருந்து ஜெலி வரைக்கும் மட்டும் ஒரு வேன் புடிச்சு நாலு பேர் பையையும் போட்டுருங்க. நாலு பேர் பையும் போகுதுன்னா அது யாரையும் தனியா காட்டாது.

செங்காங்_மிதி:
இத அப்படியே அக்காவுக்கு படிச்சு காட்டினேன். "பை மட்டும் போகட்டும், நான் போகல"ன்னு சொன்னாங்க, குரல்லயே தெம்பு தெரிஞ்சுச்சு. ரொம்ப ரொம்ப நன்றி.

கிளமெண்டி_தயிர்சாதம்:
சைவக்காரருக்கு நான் பதில் சொல்றேன், நானும் சைவம். கூலிம், பாலிங் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய, கவலையே இல்ல. கிரிக் தாண்டினா ரொட்டி சானாய்தான் கை கொடுக்கும், ஆனா பருப்புக் குழம்புல சில இடத்துல கறி, மீன் குழம்ப கலந்து ஊத்துவாங்க, கேட்டு வாங்கணும். காய் பிரட்டல்ல பெலாச்சான் இருக்கும், அது எறால், நிறைய பேருக்குத் தெரியாது. "தாக் மாவு டாகிங், தாக் மாவு ஈக்கான், தாக் மாவு பெலாச்சான்"னு (கறி வேணாம், மீன் வேணாம், பெலாச்சான் வேணாம்) மூணையும் தனித்தனியா சொல்லணும், "சாயோர் சஹாஜா"ன்னு (காய் மட்டும்) மட்டும் சொன்னா பெலாச்சானோட வரும். பண்டிங்–ஜெலி நாளுக்கு நம்ம ஊர் தேக்காவுலேருந்தே (லிட்டில் இந்தியா) அவல், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், ஊறுகாய் பாக்கெட் வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. காலையில அவல ஊற வச்சு உப்பு, எலுமிச்சை போட்டு டப்பாவுல அடைச்சிட்டா உச்சி வரைக்கும் தாங்கும்.

பிடோக்_பெடல்:
போக்குவரத்து நான் சொல்றேன். போறதுக்கு பினாங்குக்கு ஃப்ளைட், சைக்கிள அட்டைப் பெட்டியில போட்டு ஸ்போர்ட்ஸ் எக்விப்மென்ட்னு முன்னாடியே புக் பண்ணிக்குங்க, ஏர்போர்ட்ல போய் சேத்தா காசு கூட. டயர் காத்த கொஞ்சம் எறக்குங்க, பெடல கழட்டுங்க. பவர்பேங்க் கையில வச்சிருக்குற பையிலதான் இருக்கணும். அங்க போய் மாட்டிட்டு ஜார்ஜ்டவுன்லேருந்து ஃபெரியில சைக்கிளோடயே பட்டர்வொர்த் போயிரலாம், மேற்குக் கடல தொட்டுட்டு ஆரம்பிச்ச மாதிரியும் ஆச்சு.

திரும்பி வர்றதுதான் யோசிக்கணும். கோத்தா பாருலேருந்து கேஎல் வழியா ஃப்ளைட், இல்லாட்டி ராத்திரி பஸ்ல ஜோகூர். எதுன்னாலும் அட்டைப் பெட்டி வேணும், பினாங்குல தூக்கிப் போட்ட பெட்டி கூட வராது. கோத்தா பாருல ஒரு சைக்கிள் கடைக்கு ஒரு வாரம் முன்னாடி மெசேஜ் போட்டு நாலு பெட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்க. இங்கதான் கவனம்: கிளந்தான்ல வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை போய் இறங்கினீங்கன்னா கடை மூடியிருக்கும். ஞாயிறு பட்டர்வொர்த்ல கிளம்புங்க, வியாழன் சாயங்காலம் கோத்தா பாரு. கடை மூடுறதுக்குள்ள போக முடியலன்னா பெட்டிய ஹோட்டல்ல போடச் சொல்லுங்க.

இந்திய பாஸ்போர்ட் நண்பர் மலேசியா டிஜிட்டல் வருகை அட்டைய போறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். சிங்கப்பூர் குடிமக்களுக்கு அது தேவையில்ல, அதனாலயே குரூப்ல எல்லாரும் மறந்துருவாங்க. விசா விலக்கு இன்னும் நடப்புல இருக்கான்னும் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாத்துரட்டும்.

செங்காங்_மிதி:
எல்லாரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு நன்றி சொல்லி முடியாது. மாத்தின ப்ளான்: ஜூன், ஞாயிறு டு வியாழன், அஞ்சு நாள், பண்டிங்ல ஒரு ராத்திரி, கிரிக்–ஜெலி பைக்கு வேன். ஆர்டி ஜிஎஸ்தான், சனிக்கிழமை 34 கேசட்டும் செயினும் மாத்தப் போறோம். சீட்டு தாழ்வாதான் இருந்துச்சு, அஞ்சு மில்லி ஏத்தியாச்சு. கடைசியா ஒரே ஒரு கேள்வி, நம்ம ஊர்ல மூணு நிமிஷத்துக்கு மேல ஏறுற மலையே இல்லையே, எப்படி பழகுறது?

பழைய_செயின்:
ஃபேபர் மலைய திரும்பத் திரும்ப ஏறுறதால மட்டும் வராது தம்பி, எறங்கும்போது கால் ஓய்வெடுத்துருது. வாரத்துல ஒரு நாள் ஜிம் சைக்கிள்ல ஒரு மணி நேரம், விடாம, பேச முடியுற அளவு அழுத்தத்துல மிதிக்கச் சொல்லுங்க. சனி ஞாயிறு ரெண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுங்க, ரெண்டாவது நாள் கால் எப்படி இருக்குன்னு அவங்களுக்கே தெரியணும். கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி சாங்கி பாயிண்ட்ல பம்போட் (சின்னப் படகு) ஏறி ஜோகூர்ல இருக்குற பெங்கேராங் போய், அங்கேருந்து டெசாரு கடற்கரையில ஒரு ராத்திரி தங்கி திரும்பி வாங்க. நாலு பேரும், முழு பையோட. அக்காவ முன்னாடி விடுங்க, அவங்க வேகத்துல மத்த மூணு பேரும் பின்னாடி வரப் பழகட்டும். அதே வரிசையிலதான் பண்டிங்லேருந்தும் ஏறணும்.