குச்சியைத் தொடாமலே ஆள் இடப்பக்கம் ஓடுகிறான்: ஜாய்ஸ்டிக் வயரிங்கில் உதவி வேண்டும்

கேள்வி (தர்மபுரி):
வணக்கம். பையனுக்காக பிளைவுட்டில் வீட்டிலேயே ஒரு ஆர்கேட் பெட்டி (நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டி) செய்கிறேன். உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, பட்டன், குச்சி அசைவுகளை அதற்குச் சொல்லும் யு.எஸ்.பி. என்கோடர் போர்டு. பட்டன்கள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன, குச்சிதான் படுத்துகிறது. மேலே தள்ளினால் ஆள் கீழே போகிறான், கீழே இழுத்தால் மேலே. அதைவிட மோசம், யாரும் தொடாதபோதே இடப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறான், குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பிடித்தால்தான் நிற்கிறான். குச்சிக்கு அடியில் நான்கு சுவிட்ச், ஒவ்வொன்றிலும் வயர் மாட்ட மூன்று கால். போர்டு போய்விட்டதா? மறுபடி பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போக வேண்டுமா? திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அதற்குள் அவன் ஆடிப் பார்க்க வேண்டும்.

பதில் (கிருஷ்ணகிரி):
செட்டிங்கில் போய் திசையை மாற்றிக் கொடுத்துவிடுங்கள், முடிந்தது.

பதில் (ஓசூர்):
மேல்-கீழ் அப்படிச் சரியாகும், தானாக ஓடுவது நிற்காது. போர்டில் குறை இல்லை அண்ணா, எங்கும் போக வேண்டாம். குச்சி நடுவில் ஊன்றி ஆடுகிறது, அதனால் கைப்பிடி மேலே போனால் அடிமுனை கீழே போய் கீழ்ப்பக்கச் சுவிட்சைத்தான் அழுத்தும். மேல் திசை வயர் கீழ்ப்பக்கச் சுவிட்சுக்கும், இடது திசை வயர் வலப்பக்கச் சுவிட்சுக்கும் போக வேண்டும், எதிர்த்திசைகளும் அதேபோல. அப்புறம் இடது திசை வயரை என்.சி. காலில் மாட்டியிருக்கிறீர்கள். அது அழுத்தாதபோது மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும். வலப்பக்கம் தள்ளினால் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதே இரண்டு தவறையும் காட்டிவிட்டது. யு.எஸ்.பி.யைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வையுங்கள், ஒரு முனை காம் (பொது) காலில், இன்னொன்று அடுத்த காலில். 'டிக்' என்று அழுத்தும்போது மட்டும் பீப் வருவதுதான் என்.ஓ., வயர் அதில்தான்.

பதில் (காவேரிப்பட்டணம்):
காம் காலுக்குப் போகும் கருப்பு வயரை ஒவ்வொரு சுவிட்சாகத் தொடுத்திருந்தால் லக்கையும் (வயர் முனையில் காலில் செருகும் உலோகத் துண்டு) இழுத்துப் பாருங்கள். ஒன்று லூசானால் அதற்கு அடுத்தவை எல்லாம் செத்துவிடும். தயவுசெய்து காலில் நேராக சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகி எனக்கு ஒரு சுவிட்ச் அழுத்தினபடியே நின்றுவிட்டது.

கேள்வி கேட்டவர்:
ஓசூர் அண்ணா சொன்னதேதான்! அந்த ஒரு சுவிட்சை மட்டும் திருப்பிப் பொருத்தியிருந்தேன், கால்களின் வரிசை மாறியது கண்ணில் படவில்லை. நான்கு திசையும் இப்போது சரி. கருப்பு வயரில் ஒரு லக் கையோடு வந்தது, பிளையரால் இறுக்கிவிட்டேன். பையன் இன்னும் சாப்பிட வரவில்லை. பேக்மேனில் மட்டும் முனை திரும்பும்போது தடுமாறுகிறது, அதற்கு என்ன செய்ய?

பதில் (ஓசூர்):
அது மூலைவாட்டம் இல்லாத நான்கு திசை ஆட்டம், 1980-இல் வந்தது. குச்சிக்கு அடியில் உள்ள தகட்டைக் கழற்றி நான்கு திசைக்குத் திருப்பி மாட்டுங்கள், சரியாகிவிடும்.