வர்ஜீனியாவுக்குப் பொன் தேடி, நியூ இங்கிலாந்துக்கு இறைவனைத் தேடி: இந்தப் பிரிவு எந்த அளவுக்குச் சரி?

எழிலரசி:

அனைவருக்கும் வணக்கம். அஞ்சல்வழியில் முதுகலை வரலாறு படித்து வருகிறேன். அமெரிக்க வரலாற்றுத் தாளுக்காகப் படிக்கும்போது எழுந்த ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆங்கிலேயர்கள் பொன்னையும் வணிக ஆதாயத்தையும் நாடி வந்தவர்கள் என்றும், 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களும் 1630இல் ஜான் வின்த்ராப்பின் தலைமையில் மாசசூசெட்ஸுக்கு வந்தவர்களும் (இவ்விரு குழுவும் குடியேறிய வடபகுதியே நியூ இங்கிலாந்து) சமய சுதந்திரம் நாடி வந்தவர்கள் என்றும் என்னிடமுள்ள பாடக்குறிப்பு இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது. இதை அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் மேற்கொண்டு படித்தபோது இரண்டு செய்திகள் இந்த விளக்கத்தோடு பொருந்தவில்லை. மேஃபிளவரில் வந்த சபையார் அதற்கு முன்பே இங்கிலாந்தை விட்டு வெளியேறி, ஹாலந்தின் லைடன் நகரில் பத்தாண்டுக்கும் மேலாகத் தடையின்றி வழிபட்டு வந்திருக்கிறார்கள். விரும்பிய சுதந்திரம் அங்கேயே கிடைத்திருக்க, உயிரைப் பணயம் வைத்து அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டிய தேவை என்ன? அடுத்து, சமய சுதந்திரத்துக்காக நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் மாசசூசெட்ஸ் குடியேற்றம், மாற்றுக் கருத்துச் சொன்ன ராஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் ஏன் நாடு கடத்தியது? இவற்றைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முத்துக்குமரன்:

எழிலரசி அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. ஒரு குடியேற்றத்தின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதற்கான பணத்தை யார் போட்டார்கள் என்று பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

முதலில் வர்ஜீனியா. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1606இல் வழங்கிய பட்டயத்தின்படி, பங்குதாரர்களிடம் பணம் திரட்டி அமைந்தது லண்டன் வர்ஜீனியா கம்பெனி. அதன் பொருளாளராக நெடுங்காலம் இருந்த சர் தாமஸ் ஸ்மித், நமக்கு நன்கு தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரும் ஆவார். கீழ்த்திசைக்கு மிளகு வாங்கக் கப்பல் அனுப்பிய அதே வணிகர் வட்டம் மேற்கிலும் முதலீடு செய்தது என்பதிலிருந்தே பங்குதாரர்களின் எதிர்பார்ப்பு விளங்கும். முதல் அணியில் 104 ஆண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். பெண்கள் எவரும் இல்லை. ஏறத்தாழ பாதிப்பேர் உடலுழைப்புக்குப் பழகாத உயர்குடியினர். 1608இல் பொன் என்று நம்பிக் கப்பலில் ஏற்றி அனுப்பிய மண், லண்டனில் சோதித்தபோது பயனற்றது என்று தெரிந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகும், வர்ஜீனியாவில் சமயத்துக்கு இடமே இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பழங்குடியினரிடையே கிறிஸ்தவத்தைப் பரப்புவது பட்டயத்திலேயே ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் அணியோடு ராபர்ட் ஹன்ட் என்ற குருவும் சென்றார். 1610, 1611 ஆண்டுகளில் அங்கே நடைமுறைக்கு வந்த கடுமையான சட்டங்கள், நாள்தோறும் இரண்டு முறை வழிபாட்டுக்கு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. பின்னர் ஜான் ரால்ஃப் கரீபியன் பகுதியின் விதைகளைக் கொண்டு பயிரிட்ட புகையிலை லண்டன் சந்தையில் விலைபோகத் தொடங்கியதும்தான் அந்தக் குடியேற்றத்தின் போக்கே மாறியது.

இனி லைடன் சபையார். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்டு, ஹாலந்தை விட்டுக் கிளம்பியதற்கான காரணங்களைத் தம் குறிப்பேட்டில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக் கிராமங்களில் உழவு செய்து வாழ்ந்தவர்கள் லைடனில் நெசவு முதலிய தொழில்களில் இரவு பகலாக உழைத்தும் கைக்கும் வாய்க்கும் எட்டாத நிலையில் இருந்தார்கள். பெரியவர்கள் மூப்படைந்து வந்தார்கள். பெற்றோரின் சுமையில் பங்கேற்ற பிள்ளைகள் சிறு வயதிலேயே முதுகு வளைந்து போனார்கள். வேறு சிலர் படையிலும் கப்பலிலும் சேர்ந்து சபையை விட்டு விலகினார்கள். ஸ்பெயினுக்கும் ஹாலந்துக்கும் இடையிலான பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் 1621இல் முடிய இருந்ததால் மீண்டும் போர் மூளும் என்ற அச்சமும் இருந்தது. தொலைதூர நாடுகளில் நற்செய்தியைப் பரப்பும் ஆவலையும் அவர் இவற்றோடு சேர்த்தே சொல்கிறார். ஆக, சபையைச் சிதையாமல் காப்பதும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் அவர்களுக்கு ஒரே கவலையாகத்தான் இருந்திருக்கின்றன.

அவர்களும் கடன் வாங்கித்தான் புறப்பட்டார்கள் என்பதைப் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. லண்டன் வணிகர்கள் போட்ட முதலுக்கு ஈடாக ஏழாண்டுகள் பொதுவில் உழைத்து, ஈட்டியதைப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வாரத்தில் இரண்டு நாள் சொந்த வேலைக்கு ஒதுக்கப்படும் என்ற பழைய உறுதியை வணிகர்கள் நீக்கிவிட்டதால், சபையார் கையெழுத்திட மறுத்தார்கள். வணிகர்களின் முகவரான தாமஸ் வெஸ்டன் துறைமுகச் செலவுக்குப் பணம் தராமல் சென்றுவிட்டார். பயணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த வெண்ணெயை விற்று அந்தக் கணக்கைத் தீர்த்த பிறகே கப்பல்கள் சவுத்தாம்ப்டனை விட்டுப் புறப்பட முடிந்தது. முதல் குளிர்காலத்தில் பாதிப்பேர் மடிந்த பின்பும், மேஃபிளவர் சரக்கில்லாமல் திரும்பியதைக் கடிந்து வெஸ்டனின் கடிதம் வந்தது. பீவர் தோல்களை அனுப்பி அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு 1640கள் வரை ஆயிற்று.

சாமுவேல்:

முத்துக்குமரன் அவர்களின் தரவுகளோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆயினும் பணத்தைப் பின்தொடர்ந்து செல்லும் இந்த வழியில், சமய நம்பிக்கை வெறும் மேற்பூச்சு என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் படிந்துவிடக்கூடும். பதினேழாம் நூற்றாண்டின் மனிதர்களுக்கு மீட்பும் தண்டனையும் அன்றாட உண்மைகளாக இருந்தன என்பதை மறந்தால், 1630களில் நடந்த பெரும் இடப்பெயர்வை விளக்கவே முடியாது.

அந்தப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்குச் சென்றார்கள். செல்வம் மட்டுமே குறிக்கோளாக இருந்திருந்தால், பாறையும் குளிரும் மிகுந்த அந்த மண்ணைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, புகையிலை விளைந்த வர்ஜீனியாவுக்கோ பார்படோஸ் தீவுக்கோ அவர்கள் சென்றிருப்பார்கள். அவ்விடங்களுக்குச் சென்றவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் 1635ஆம் ஆண்டின் லண்டன் துறைமுகப் பதிவேட்டைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிவிடும்: வர்ஜீனியாவுக்குப் பெயர் பதிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பதின்வயதையோ இருபதுகளையோ சேர்ந்த மணமாகாத ஆண்கள்; நியூ இங்கிலாந்துக்குப் பதிந்தவர்களிலோ கணவன், மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள் என்று குடும்பமாகச் சென்றவர்கள் மிகுதி. வீட்டையும் நிலத்தையும் விற்றுத் தம் செலவிலேயே வந்தவர்கள் அவர்களில் பலர். ஜான் காட்டன், தாமஸ் ஹூக்கர் போன்ற போதகர்களைப் பின்பற்றி ஊரிலிருந்து கூட்டமாகவே கிளம்பியவர்களும் உண்டு.

காலக்கணக்கும் இதற்குச் சான்று. முதலாம் சார்லஸ் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய தூய்மைவாதிகளை (Puritans) ஒடுக்கிய வில்லியம் லாட் 1633இல் கான்டர்பரியின் பேராயரானார். அந்த ஆண்டுகளில் கப்பல்கள் நிரம்பி வழிந்தன. 1640இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடி, லாட் சிறைக்குச் சென்று, உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வருவோர் எண்ணிக்கை சட்டென்று வற்றிப்போனது. வந்தவர்களில் சிலர் தாய்நாட்டுக்கே திரும்பினார்கள். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவில் துணி வணிகம் நலிந்திருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த நலிவு 1640ஐ ஒட்டி ஒரேயடியாக நீங்கிவிடவில்லையே.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தலைவர்கள் எல்லோருக்குமான சமய சுதந்திரத்தை ஒருபோதும் வாக்களிக்கவில்லை. தாங்கள் சரியென்று நம்பிய திருச்சபையைக் கலப்பின்றி நடத்தும் உரிமையையே அவர்கள் நாடினார்கள். சபை உறுப்பினர்களுக்கே வாக்குரிமை என்று 1631இல் விதித்தார்கள். எனவே, அரசு மனச்சான்றில் தலையிடக் கூடாது என்றும், பழங்குடியினரிடம் விலைக்கு வாங்காத நிலத்தை மன்னரின் பட்டயம் தந்துவிட முடியாது என்றும் வாதிட்ட ராஜர் வில்லியம்ஸ் அவர்களுக்கு ஆபத்தானவராகத் தெரிந்தார். அவர் 1636இல் பிராவிடன்ஸை நிறுவினார். 1659 முதல் 1661 வரை குவேக்கர்கள் எனப்பட்ட வேறொரு கிறிஸ்தவப் பிரிவினர் நால்வரைப் பாஸ்டனில் தூக்கிலிட்டதும் இதே பற்றுறுதியின் கொடிய முகம்தான்.

யாழினி:

இதுவரை பேசிய இருவரும் தாமாக முடிவெடுத்துக் கிளம்பியவர்களைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவுக்கும் மேரிலாந்துக்கும் சென்ற ஆங்கிலேயர்களில் பெரும்பான்மையினர் ஒப்பந்தக் கூலிகள் என்பதை மறந்துவிட்டு நோக்கங்களைப் பற்றிப் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 30 லட்சமாக இருந்த இங்கிலாந்தின் மக்கள்தொகை அடுத்த நூறாண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. விலைவாசி ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை. வேலை தேடி ஊர் ஊராக அலைந்த இளைஞர்கள் லண்டனையும் பிரிஸ்டலையும் அடைந்து, அங்கும் வழி இல்லாதபோது கப்பலேறினார்கள். ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள்; வழக்கு என்று வந்தால் இரு விளிம்புகளும் பொருந்த வேண்டும். பயணச் செலவுக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை கூலியில்லாத உழைப்பு. ஆள் கடத்தல் பற்றிய புகார்கள் பெருகியதால் பிரிஸ்டல் நகராட்சி 1654 முதல் இப்படிச் செல்வோரைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. அதில் 10,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 1619இல் லண்டன் நகராட்சி தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ நூறு பேரை வர்ஜீனியாவுக்கு அனுப்பியது. அந்தக் குழந்தைகளின் நோக்கம் என்று எதை எழுதுவது?

1618 முதல், ஓர் ஆளின் பயணச் செலவை ஏற்பவருக்கு 50 ஏக்கர் நிலம் என்ற விதி வர்ஜீனியாவில் வந்தது. எனவே ஒவ்வொரு கூலியாளும் தம் முதலாளிக்கு நிலத்தையும் உழைப்பையும் சேர்த்தே கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஃப்ரெதார்ன் என்ற இளைஞர் 1623இல் வர்ஜீனியாவிலிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. கப்பலை விட்டு இறங்கியது முதல் பட்டாணியும் நீர்த்த கஞ்சியும்தான் உணவு என்றும், உடன் வந்தவன் ஒருவனே தம் மேலங்கியைத் திருடிவிட்டான் என்றும் சொல்லி, எப்படியாவது பணம் கொடுத்துத் தம்மை மீட்டுவிடுமாறும், அது இயலாவிட்டால் விற்றுப் பிழைக்கப் பாலாடைக்கட்டியாவது அனுப்புமாறும் அவர் கெஞ்சுகிறார். 1607 முதல் 1624 வரை வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் 6,000 பேருக்கும் அதிகம். 1625ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் 1,200 பேர் அளவில்தான். ஆயினும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்றால், ஒப்பந்தம் முடிந்தபின் ஒரு துண்டு நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒருபுறமும், ஊரில் எதுவுமே கிடைக்காது என்ற நிச்சயம் மறுபுறமும் அவர்களைத் தள்ளியிருக்க வேண்டும்.

எழிலரசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு இப்போது தெளிவாகிறது. ஒரே மனிதருக்குள் இந்த நோக்கங்கள் எவ்வாறு கலந்திருந்தன என்பதற்குச் சான்று ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சாமுவேல்:

ஜான் வின்த்ராப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தைய ஆண்டான 1629இல் தம் முடிவுக்கான காரணங்களை அவர் வரிசையாக எழுதி வைத்தார். அதே தாளில், ஐரோப்பியத் திருச்சபைகளுக்கு நேர்ந்த அழிவுக்குத் தப்பி இறைவன் தம் மக்களுக்கு ஒரு புகலிடத்தை ஏற்படுத்துகிறார் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இங்கிலாந்து தன் மக்களைத் தாங்க முடியாமல் சலித்துவிட்டது, தகுதிக்கேற்ற வாழ்க்கையை ஒருவர் நடத்த முடியாதபடி செலவு பெருகிவிட்டது என்ற முறையீடும் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் லண்டனில் அவர் வகித்த வழக்கறிஞர் பதவியும் போயிற்று. பிள்ளைகளை நிலைநிறுத்தும் செலவும் ஏறிக்கொண்டிருந்தது.

அவருடைய மகன் ஹென்றி 1627இலேயே பார்படோஸுக்குப் புகையிலை பயிரிடச் சென்றிருந்தார். மகன் அனுப்பிய புகையிலை காம்பு மிகுந்து நிறம் கெட்டிருக்கிறது என்றும், அதற்கு விலையே கிடைக்காது என்றும் தந்தை கண்டித்து எழுதிய கடிதம் இருக்கிறது. மகனின் கடன்களும் தந்தையின் தலையிலேயே விழுந்தன. திருச்சபையின் தூய்மைக்காக 1630இல் ஆர்பெல்லா கப்பலில் ஏறிய மனிதரும், ஓராண்டு முன்பு புகையிலையின் தரத்தைக் கடிந்து எழுதிய வீட்டுத் தலைவரும் ஒருவரே. அவர் வைத்த காரணங்களில் எதையும் நாம் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. யாழினி அவர்கள் காட்டிய ஃப்ரெதார்னுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு, காரணங்களை நிதானமாக எழுதிப் பார்த்து முடிவெடுக்கும் வசதி இவருக்கு இருந்தது என்பதே. தேர்வில் எழுதும்போது இவ்விருவரையும் அருகருகே வைத்து எழுதுங்கள். வர்ஜீனியா, நியூ இங்கிலாந்து என்ற பிரிவோடு, பணமுள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவும் விடைத்தாளில் இடம்பெற்றுவிடும்.