மீளா முடிவா, ஒருவழிக் கதவா?

தம்பி, எடுத்தபின் திரும்ப முடியாத முடிவை (irreversible decision) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு "ஒருவழிக் கதவு" வேண்டாம். அமேசானின் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய 2015ஆம் ஆண்டுக்கான கடிதத்தால் பரவிய பேச்சு அது: போனால் திரும்பி வர முடியாத கதவு ஒன்று, பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடக்கூடிய கதவு ஒன்று. முதலாவதற்கு ஆற அமர யோசிக்க வேண்டும், இரண்டாவதைச் சட்டென்று முடிவு செய்யலாம், பெரிய நிறுவனங்கள் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தடித்துத்தான் மந்தமாகின்றன என்பது அவர் வாதம். கருத்து சரி. ஆனால் ஒருவழி என்றால் நமக்குக் கண்டி டவுன் வீதிதான் ஞாபகம் வரும்.

"மீளா முடிவு" போதும். சுந்தரர் "மீளா அடிமை" என்று பாடிய அதே மீளா, இரசாயனப் பாடத்தில் மீளாத் தாக்கம் என்று படித்ததும் அதுதான். எதிர்ச்சொல்லில்தான் கவனம் வேண்டும். மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை என்று பழகிய நம் காதுக்கு "மீள் முடிவு" என்றால் மறுபடி எடுத்த முடிவு என்றே படும். ஆகவே "மீளும் முடிவு".

அக்கா சொன்ன "மீளப்பெற முடியாத தீர்மானம்" சட்ட ஆவணத்துக்குப் பொருந்தும். ஆனால் முடிவை வாபஸ் வாங்குவது வேறு, அதன் விளைவிலிருந்து மீள்வது வேறு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அதன்பின் எந்த நாட்டுக்கு எழுதிப் போடுவது என்ற கேள்வி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் ஒவ்வொரு லயத்துக்குள்ளும் வந்தது, அண்ணன் அங்கே தங்கச்சி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. கடதாசியில் வைத்த கையெழுத்தை ஒருவேளை வாபஸ் வாங்கலாம். தோட்டத்து வேலையையும் லயக் காம்பராவையும் விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் எதை வாபஸ் வாங்குவது? அந்த இழப்பைச் சொல்ல மீளா என்ற சொல்லுக்குத்தான் பலம் இருக்கிறது.

விளக்கத்துக்கு உதாரணம் தேயிலையிலிருந்தே எடுக்கலாம். கவ்வாத்து வெட்டுவது, அதாவது செடியைக் கத்தரித்து விடுவது, மீளும் முடிவு, சில மாதத்தில் செடி துளிர்த்துவிடும். செடியை வேரோடு பிடுங்கிக் காணியை வீடு கட்டப் பிரித்துக் கொடுத்தால் அது மீளா முடிவு, பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

அப்புறம் ஒன்று. பெசோஸ் "கிட்டத்தட்ட மீள முடியாத" முடிவுகளையும் முதல் வகையிலேயே சேர்த்திருக்கிறார். அதற்குத் தனியாக "அரிதில் மீளும் முடிவு" என்று வைக்கலாமா?