"இப்ப செஞ்சு காட்டுங்கம்மா": வீடியோ காலில் வீட்டுப் பயிற்சி, எங்கள் அனுபவங்கள்

பிசியோதெரபிஸ்டாகப் பதினோரு வருஷம் ஆகிறது. வீடியோ காலில் பார்க்க ஆரம்பித்தது 2020 ஊரடங்கில். கிளினிக்கில் செய்ததை அப்படியே கேமரா முன்னால் செய்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அவருக்கு 68 வயது. முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது வாரம். ஒன்பது பயிற்சிகளைப் படத்தோடு பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தேன். ஒவ்வொரு வீடியோ காலிலும் "எல்லாம் செஞ்சீங்களாம்மா?" என்று கேட்பேன். "செஞ்சேன் தம்பி, ஒண்ணுவிடாம செஞ்சேன்" என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக முட்டி 80 டிகிரியைத் தாண்டவில்லை. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழவே 90-க்கு மேல் மடங்க வேண்டும்.

வீடியோவில் பார்க்க ஆரம்பித்த மூன்றாவது வாரம்தான் "இப்ப எனக்குச் செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேட்டேன். போனைப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் வைக்கச் சொன்னேன். படுத்துக்கொண்டு குதிகாலைப் பின்னால் இழுத்தார். குதிகால் நகரவே இல்லை. கனமான பருத்தி விரிப்பில் அது மாட்டிக்கொண்டு நிற்க, அவர் இடுப்பைத் தூக்கித் தூக்கி முட்டி மடங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, அத்தனை வலியோடு. காலில் சாக்ஸ் போட்டு, குதிகாலுக்குக் கீழே ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை வைத்தோம். சர்ரென்று நகர்ந்தது. "அட, இவ்வளவுதானா?" என்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. முதல் வீடியோ காலிலேயே செய்து காட்டச் சொல்லியிருந்தால் அந்த வலி மிச்சம்.

டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தும் பயிற்சியிலும் இதே கதை. கிளினிக்கில் தொடையில் கை வைத்தால் தசை இறுகுகிறதா என்று எனக்கு உடனே தெரியும். இங்கே அவர் கையையே வைக்கச் சொன்னேன். "கல்லு மாதிரி ஆகுதாம்மா?" "இல்லையே தம்பி, மெத்துன்னு இருக்கு." நல்ல காலில் செய்து அந்த இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி இந்தக் காலுக்கு வந்தோம். ஐந்தாவது தடவை "ஆங், இப்ப வருது" என்றார்.

ஒன்பது பயிற்சியை மூன்றாகக் குறைத்தேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2, 5, 8 என்று பயிற்சிகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 1999-லேயே வந்திருக்கிறது. 8 வாங்கியவர்களைவிட 2 வாங்கியவர்கள்தான் சரியாகச் செய்தார்கள். படித்திருந்தும், நிறையக் கொடுத்தால்தான் திருப்தி என்று ஒரு பழக்கம் நமக்கு.

இப்போது என் முதல் வீடியோ கால் பாதிக்குமேல் வீட்டைப் பார்ப்பதிலேயே போகிறது. கட்டில் உயரம், வெளிச்சம், தரையில் வழுக்குகிற மிதியடி, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா, எல்லாம் பார்ப்பேன். கேமரா இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். நாற்காலி சுவரை ஒட்டி இருந்தே ஆக வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுவோமே, அதற்கு 17 அங்குல உயர நாற்காலி என்பது கணக்கு. 70 முதல் 74 வயதுள்ள பெண்மணி 10-க்குக் கீழே எடுத்தால் விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டே வாரத்தில் 8-லிருந்து 13-க்குப் போனார். நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் நாற்காலியில் தடிமனான குஷன் ஏறியிருந்தது.

* * *

நான் மகள். அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நான் வேறு ஊரில் இருப்பதால் நான், அப்பா, பிசியோ மேடம் மூன்று பேரும் ஒரே வீடியோ காலில் சேர்ந்துகொள்வோம்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பிசியோ மேடம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும்போது குரல் தாமதமாக வரும். அப்பா அதைப் பிடிக்க அவசரப்படுவார், மூச்சு இரைக்கும். நாலு நாள் இப்படியே போனது. அப்புறம் மேடம் முறையை மாற்றினார். முதலில் அவர் பேசாமல் செய்து காட்டுவார், அப்பா பார்ப்பார். பிறகு அப்பா தன் மூச்சுக்குத் தகுந்தபடி தானே எண்ணிச் செய்வார். இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் அன்றிலிருந்துதான் அப்பா அந்த நேரத்தை எதிர்பார்க்க ஆரம்பித்தார்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜனைப் பார்க்கிற ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் காலையில் 84 காட்டியது. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. மேடம் பதறாமல் பயிற்சியை நிறுத்தினார். அப்பாவின் முகத்தையும் உதட்டையும் கேமரா அருகில் காட்டச் சொன்னார். விரல் ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, எண் நிலையாகும்வரை காத்திருந்தோம். 93. இருந்தாலும் அன்றைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதும் என்றார்.

இன்னொன்று. "மூச்சு வாங்குதா ஐயா?" என்றால் அப்பா எப்போதும் "இல்லை" என்றுதான் சொல்வார். அதனால் மேடம் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார். நின்ற இடத்தில் நடந்துகொண்டிருக்கும்போது, "பேரப்பிள்ளைங்க பேரெல்லாம் சொல்லுங்க ஐயா" என்பார். நாலு பேர். இரண்டாவது பெயரிலேயே அப்பா நிறுத்தி மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறைப்பார். ஆறாவது வாரம் நாலு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் வீடியோவை அணைத்துவிட்டு அழுதேன்.

* * *

நானும் பிசியோதான். ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டாம் நாள். "கெண்டைக்கால் கொஞ்சம் வலிக்குது சார், நேத்து பயிற்சி அதிகமாயிடுச்சு போல" என்றார் ஒருவர், சாதாரணமாக. வலிக்கிற காலை மட்டும் காட்டினார். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் காட்டச் சொன்னபோதுதான் ஒன்று தெளிவாக வீங்கியிருந்தது. அவர் மனைவியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், சூடாக இருக்கிறது என்றார். பயிற்சியை அங்கேயே நிறுத்தி, காலைத் தேய்த்துவிடவே கூடாது என்று சொல்லி, உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. நேரத்தோடு போனதால் மருந்திலேயே சரியானது.

ஒவ்வொரு வீடியோ காலையும், அந்த நிமிஷம் அவர் எந்த முகவரியில் இருக்கிறார், வீட்டில் இன்னொருவரின் போன் நம்பர் என்ன என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன். முதல் நாள் கொடுத்ததை நம்புவதில்லை. இவரே அதற்கு இரண்டு நாள் முன்புதான் மகன் வீட்டுக்கு மாறியிருந்தார்.

* * *

முதலில் எழுதியவன்தான். இரண்டு காலையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து வருகிற எல்லோரிடமும் நாளையிலிருந்து அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். சார், டேப் வைத்துச் சுற்றளவும் அளக்கச் சொல்கிறீர்களா? வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அளக்க என்ன அடையாளம் வைக்கச் சொல்கிறீர்கள்?